மாசக் கடைசி ஞாயிறு

பாத்தீங்களா அந்தக் கூத்தை? பஸ்ஸு ஸ்டாண்டை விட்டு வெளிய வந்து திரும்பியும் ஆச்சு, அந்தப் பையன் இன்னும் வாசல்ல நின்னு கையை ஆட்டிக்கிட்டே இருக்கான். முன் சீட்டுல இந்தப் பொண்ணு கழுத்து சுளுக்கற அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்குது. எங்க போகுது, அமெரிக்காவுக்கா? சின்னதாராபுரத்துக்கு டிக்கெட் வாங்குச்சு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்துரும். அதுக்கு ஒரு கண்ணீரு, ஒரு கர்ச்சீப்பு.

எனக்கு இதெல்லாம் ஆகாதுங்க. போறவன் போகோணும், நிக்கறவன் அவன் சோலியப் பாக்கோணும். கையை ஆட்டினா பஸ்ஸு நிக்கவா போகுது?

ஏனுங்க, கேரியர் உங்க கால்ல இடிக்குதுங்களா? இந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கறேன். சூடு, பாத்து. மட்டன் பிரியாணி. நீங்க எங்க, தாராபுரமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். ஜன்னல் லொடலொடங்குது பாருங்க. கண்ணாடிக்கு ரப்பர் சரியா வைக்கல. கரூர்ல பஸ் பாடி கட்டற கம்பெனியில நான் செக்கிங் பாக்கறேன். ஒரு வண்டி ஷெட்டை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி, அதுல உக்காந்து, குலுக்கி, மேல தண்ணியடிச்சு, ஒழுகுதான்னு பாத்து நான் கையெழுத்துப் போட்டாத்தான் போகும். இது நம்ம கட்டினது இல்லீங்க. நம்முளுது இப்படிச் சத்தம் போடாது.

தாராபுரத்துல சம்சாரம் இருக்குதுங்க, கோகிலவாணின்னு பேரு. அவங்கம்மா வீட்ல இருக்கா. எங்க புள்ள மிருதுளாவும் அங்கதான், ஒண்ணாவது படிக்குது. ஆடியில போனவங்க, இதா தை பொறக்கப் போகுது. நான் மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை தவறாமப் போயிருவேன். கேரியர்ல சாப்பாடு வாங்கிக்குவேன். மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். மூணு மணிக்கு எந்திரிச்சு வந்துருவேன். எந்தப் புருசனுங்க இத்தனை ஒழுங்காப் போவான்? கோவிச்சுக்கிட்டுப் போனவளை எட்டிப் பாக்காதவன் எத்தனையோ பேரு இருக்கான்.

இந்த வாட்டி மகாராணி புதுசா ஒரு சட்டம் போட்டிருக்கா. போன்ல சொல்றா: "கேரியர் கொண்டு வராதீங்க. மாத்துத் துணி எடுத்துக்கிட்டு வாங்க. ராத்திரி எங்ககூடத் தங்குங்க. தங்க முடியாதுன்னா இனிமே வரவே வேண்டாம், நான் வக்கீலைப் பாத்துக்கறேன்." கேட்டீங்களா நியாயத்தை? ஒரு ராத்திரி தங்கலைன்னா டைவர்ஸ். நான் துணியெல்லாம் எடுத்துக்கிட்டு வரலீங்க. கேரியர்தான் எடுத்துக்கிட்டு வந்திருக்கறேன். யாரு மிரட்டலுக்கு யாரு பயப்படறது?

என்ன, ஒரு ராத்திரி தங்குனா என்னங்கறீங்களா? நீங்களும் அந்தக் கட்சிதானா? சரி, கேளுங்க. முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க.

நான் குடிக்கறதில்ல. ஒரு நாளும் கை நீட்டினதில்ல. சம்பளம் வந்தா அப்படியே வீட்டுக்கு. இத்தனைக்கும் அவ சொல்ற குத்தம் என்ன தெரியுமா? "நீங்க பக்கத்துலயே இருக்கறதில்ல." ஒரே வீட்ல இருக்கறோம், ஒரே சோறு திங்கறோம், பக்கத்துல இல்லையாமா. சோபாவுல நான் இந்த ஓரம் உக்காந்தா அவ நகந்து நகந்து இங்க வருவா. நான் எந்திரிச்சு நாற்காலிக்குப் போயிருவேன். அதுக்கு அழுகை.

அவளைச் சொல்லிக் குத்தமில்ல, அந்த வீட்டு வளப்பு அப்படி. அவங்க வீட்ல போயி நீங்க பாக்கோணும். எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டேதான் டிவி பாப்பாங்க. என்ற மாமனாரு இந்தப் பெரிய மீசை வச்சிருக்கறாரு, சிமெண்ட் வியாபாரம், லாரிக்காரனெல்லாம் அவரைக் கண்டா நடுங்குவான். அந்த மனுசன் கல்யாணமாகிப் புள்ளை பெத்த மகளை மடியில படுக்க வச்சுத் தலையைக் கோதி விட்டுக்கிட்டு இருக்கறாரு. நான் முதல் தடவை பாத்தப்ப, ஏதோ உடம்பு சரியில்லையாட்ட இருக்குன்னு நெனச்சு, "டாக்டரைக் கூப்பிடட்டுங்களா மாமா?"ன்னு கேட்டுப்புட்டேன். வீடே சிரிச்சுது. சிரிக்கட்டும். வெக்கம் கெட்டவங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆம்பளைங்க ரெண்டு பேரு பேசிக்கறோம், சொல்றதுக்கென்ன. புருசன்னு செய்ய வேண்டியதுல நான் ஒரு கொறையும் வைக்கலீங்க. புள்ள பொறந்திருக்குதில்ல? ஆனா முடிஞ்சா முடிஞ்சுதுதானுங்களே. நான் எந்திரிச்சுக் கை காலைக் கழுவிட்டு, ஹால்ல பாயை விரிச்சுப் படுத்துக்குவேன். அவ உள்ள இருந்து கூப்பிடுவா. "சித்த நேரம் இங்க படுங்க. பேசக்கூட வேண்டாம், சும்மா படுத்திருங்க"ம்பா. சும்மா படுத்திருக்கறதுக்கு எதுக்குங்க ரெண்டு பேரு?

ஒருக்கா, சரி தொலையட்டும்னு படுத்தேன். என்ற நெஞ்சு மேல தலையை வச்சுக்கிட்டா. நானும் பொட்டாட்ட அசையாமப் படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்துல வெடுக்குனு எந்திரிச்சு லைட்டைப் போடறா. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. "ஏனுங்க, உங்க மூச்சுச் சத்தமே கேக்கலீங்க. நான் பயந்தே போயிட்டேனுங்க"ங்கறா. "அது ஒரு பழக்கம், நெஞ்சு மேல என்ன வந்து விழுந்தாலும் மூச்சைக் கட்டிக்குவேன், உனக்கென்ன நட்டம்?"னு கேட்டேன். நல்ல பதில்தானுங்களே? அதுக்கு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா.

அப்பறம் யாரு கிளப்பி விட்டாங்களோ, என்னையக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. கோயமுத்தூர்ல. பெரிய பங்களா, உள்ள ஏசி, ஒரு மீன் தொட்டி. ஒவ்வொரு நாற்காலி பக்கத்துலயும் டிஷ்யூ பேப்பர் டப்பா. அதைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அழுக வைக்கறதுதான் இவங்க தொழிலுன்னு. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, குரலை இறக்கி இறக்கிப் பேசறாங்க, நாம என்னமோ சாகக் கெடக்கறவங்களாட்ட. "சின்ன வயசுல உங்களை யாரு கட்டிப் புடிச்சுத் தூங்க வைப்பாங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு வந்துது பாருங்க சிரிப்பு. "நான் நாலாவதுலயே ஹாஸ்டலுங்க, அங்க வார்டன்தான் தூங்க வைப்பாரு"ன்னேன். எப்படித் தூங்க வைப்பாருன்னு கேட்டாங்க. அது ஒரு நல்ல டெக்னிக்கு, அந்தம்மாவும் கத்துக்கட்டும்னு சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன் கேளுங்க.

நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பேரு எதுக்கு, விடுங்க. இருட்டு இருக்கறப்பவே எழுப்பிப் படிக்க உக்கார வச்சுருவாங்க. பெரிய ஹாலு, நாங்க வரிசையாப் பாயில படுத்திருப்போம். புதுசா வர்ற பசங்க போர்வைக்குள்ள அழுவானுங்க. சத்தம் வராம அழுகத் தெரிஞ்சவனும் இருப்பான். அதுக்குத்தான் வார்டன் ஒரு வழி வச்சிருந்தாரு. விளக்கை அணைச்சதும் வரிசையா வந்து ஒவ்வொருத்தன் நெஞ்சு மேலயும் கையை வச்சுப் பாப்பாரு. அழுகறவனுக்கு நெஞ்சு விம்மும்ல? கையில தெரிஞ்சுரும். தெரிஞ்சா அடிக்க மாட்டாருங்க, சத்தியமா ஒரு அடி அடிச்சதில்ல. அந்த மாச விசிட்டிங்கை வெட்டிருவாரு, அவ்வளவுதான்.

விசிட்டிங்குன்னா, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா வந்து பாக்கலாம். சாப்பாடு கொண்டு வரலாம். பள்ளிக்கூடத்து மைதானத்துல ஒரு தகர ஷெட் இருக்கும், அதுக்குக் கீழ பாயை விரிச்சு எல்லாக் குடும்பமும் உக்காந்திருக்கும். மூணு மணிக்கு பெல். பெல் அடிச்சா அவங்க வெளிய, நாங்க உள்ள. அப்ப கேட்டுக்குப் பக்கத்துல நின்னு அழுதாலும் அதே சட்டம்தான், அடுத்த மாசம் விசிட்டிங் கெடையாது. முன்கூட்டியே தகவலெல்லாம் சொல்ல மாட்டாங்க. அப்பா அம்மா பாட்டுக்கு வருவாங்க, வாட்ச்மேன் திருப்பி அனுப்பிருவான்.

நானும் மொத மாசம் அழுதவன்தான். அறிவில்லாத வயசு. அம்மா சேலையைப் புடிச்சுக்கிட்டு ஒரே ரவுசு. அடுத்த மாசம் எங்கம்மாவும் அப்பாவும் எங்க ஊரு வாங்கல்ல இருந்து பஸ் மாறி வந்தாங்க. என்னைய மாடியில படிக்க உக்கார வச்சுட்டாங்க. ஜன்னல்ல இருந்து பாத்தா கேட் நல்லாத் தெரியும். எங்கம்மா கேரியரைக் கையில வச்சுக்கிட்டு வாட்ச்மேன்கிட்ட என்னமோ கெஞ்சிக்கிட்டே இருக்கறாங்க. எங்கப்பா ரோட்டைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. நான் கத்தவேயில்லீங்க. கத்துனா அதுக்கடுத்த மாசமும் போயிருமே, கணக்குத் தெரியாதா? அவங்க கெளம்புனப்ப எங்கம்மா அந்தக் கேரியரைத் திறந்து, கறிச்சோத்தையெல்லாம் கேட்டுக்குப் பக்கத்துல இருந்த நாய்க்குக் கொட்டிட்டுப் போனாங்க. அந்த நாயி தின்ன தீனி இருக்குதே! இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

நீங்க ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க? சிரிக்கற விசயம்தானுங்க.

அதுக்கப்பறம் நான் அழுகலீங்க. நெஞ்சை அசையாம வச்சுக்கப் பழகிட்டேன். வார்டன் கையை வச்சா மரக்கட்டையாட்ட இருக்கும். எத்தனை நேரம் கையை வச்சிருந்தாலும் மூச்சு விட மாட்டேன். விசிட்டிங்குக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சேன். பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே நானா எந்திரிச்சுருவேன். கையைக் கழுவிட்டு, "சரி, நான் போறேன்"னு உள்ள போயிருவேன். திரும்பிப் பாக்க மாட்டேன். போகச் சொல்றதுக்கு அவங்க யாரு, நான்ல போறேன்? எங்கப்பாவுக்கு ஒரே பெருமை. "என்ற பையன் சிங்கம்டா"ன்னு சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் சொன்னாரு. அம்மாதான், புள்ள மாறிப் போயிட்டான்னு பொலம்பிக்கிட்டுக் கெடந்துச்சு. பொம்பளைங்களுக்கு அழுதாலும் பொலம்பல், அழுகாட்டியும் பொலம்பல். இப்பவும் அம்மா வாங்கல்லதான் இருக்கு, தனியா. ரெண்டாவது ஞாயிறு அம்மாவுக்கு, கடைசி ஞாயிறு இவளுக்கு. யாருக்கும் நான் கொறை வைக்கல பாருங்க.

இதை நான் ஒரு வெற்றிக் கதையாத்தான் சொன்னேன் அந்த ஏசி ரூம்ல. சொல்லி முடிச்சுப் பாத்தா, கண்ணாடிக்கார அம்மா பேனாவை மூடி வச்சுட்டு என்னையவே பாக்கறாங்க. வாணி பக்கத்துல டிஷ்யூ டப்பாவைக் காலி பண்ணிக்கிட்டு இருக்கறா. "அந்தச் சின்னப் பையன் இப்ப உங்க முன்னாடி வந்து நின்னா அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. எந்தப் பையனுங்க? நான் ஒரு ஆளுதானுங்களே இருக்கறேன்! "போயிப் படிடான்னு சொல்லுவேன்"னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். கீழ வந்து டீ குடிச்சேன். படிச்சவங்க பேசற பேச்சா அது? நமக்குச் சின்ன வயசுல ஒண்ணும் ஆகலைன்னா இவங்களுக்கு வியாபாரம் நடக்காது.

சரி, ஆடிக்கு ஏன் போனாங்கறதுக்கு வர்றேன்.

எனக்கு வண்டி டெலிவரிக்கு அப்பப்ப வெளியூர் போற வேலை வரும். நான் பையை எடுத்தாப் போதும், மிருதுளா காலைக் கட்டிக்கிட்டு அழும். கால்ல தொங்கிக்கிட்டே வாசல் வரைக்கும் வரும். வாணி அதை ரசிப்பா. "அப்பா மேல எத்தனை பாசம் பாருங்க"ம்பா. பாசமாமா! நான் உக்காந்து புள்ளைக்குப் புரியற மாதிரிச் சொன்னேன். "அம்மணி, இனிமே அழுதீன்னா அப்பா திரும்பி வர நாளாகும்." புள்ள அழுதுச்சு. நான் ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சு கரூர் வந்துட்டேன். ஆனா வீட்டுக்குப் போகலீங்க. ஒரு வாரம் கம்பெனி ரூம்லயே படுத்துக்கிட்டேன். சொன்னா சொன்னபடி நடக்கோணுமில்ல? இல்லாட்டி புள்ளைக்கு எப்படி மரியாதை வரும்? கம்பெனிக்கும் நம்ம வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். ஒரு நாள் சாயங்காலம் அது ஸ்கூல் வேன்ல இருந்து எறங்கறதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.

வேலை செஞ்சுது பாருங்க. அடுத்த தடவை பையை எடுத்தப்ப புள்ள அழுகல. வாசல்ல தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னுது. வாணிதான் சொன்னா, "இப்ப உங்க முன்னாடி அழுகறதில்ல, போர்வைக்குள்ள அழுகுது"ன்னு. எனக்குச் சந்தேகம். பொம்பளைங்க எதையும் ஊதிப் பெருசாக்குவாங்க. அன்னிக்குச் சாப்பிட்டுப் படுத்ததும் நானே போயி, புள்ள பக்கத்துல உக்காந்து நெஞ்சு மேல கையை வச்சுப் பாத்தேன்.

அசையலீங்க. துளிகூட அசைவு இல்ல. தூங்கிருச்சுன்னுதான் நெனச்சேன். குனிஞ்சு பாத்தா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு என்னையவே பாக்குது. மூச்சைக் கட்டி வச்சிருக்குது. யாரும் சொல்லிக் குடுக்கலீங்க, தானாக் கத்துக்கிட்டிருக்கு. எனக்குப் பெருமையாப் போச்சு. கையை எடுக்கத் தோணாம அப்படியே உக்காந்திருந்தேன்.

நிமிந்தா வாணி கதவுக்கிட்ட நிக்கறா. அவதான் அந்த வார்டன் கதையைக் கேட்டவளாச்சே. ஒரே தாவுல வந்து என்ற கையைத் தட்டி விட்டா. "தொடாதீங்க எம்புள்ளைய"ன்னா. புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு முதுகைத் தடவறா, தடவறா, "மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு கண்ணு"ங்கறா. என்னமோ நான் கழுத்தை நெரிச்ச மாதிரி. இத்தனை வருசமாத் தொட மாட்டேங்கறீங்கன்னு அழுதவ, அன்னிக்குத் தொடாதீங்கறா. இவளுக்கு என்னதான் வேணும்னு ஆண்டவனுக்கே தெரியாது. விடிஞ்சதும் துணியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. ஊர்ல கேட்டவங்களுக்கு, ஆடிக்குப் போயிருக்கறான்னு நான் சொல்லி வச்சேன். பெத்த அப்பன் புள்ள நெஞ்சுல கையை வச்சது ஒரு குத்தமாங்க? நீங்களே சொல்லுங்க.

வெளிய பாக்கறீங்க. சரி.

சின்னதாராபுரம் வந்துருச்சு, அந்தக் கர்ச்சீப்புப் பொண்ணு எறங்குது பாருங்க. எறங்கினதும் போனை எடுத்துருச்சு. "வந்து சேந்துட்டேன்"னு சொல்லும். அவன் அங்க சாமி கும்பிட்டுக்கிட்டு இருப்பான். கெரகம்.

என்ன கேட்டீங்க? அங்க போயி என்ன பண்ணுவேன்னா? அதான் சொன்னேனே, சாப்பிடுவோம். உள்ள போறதில்லீங்க. முன்னாடி கார் நிறுத்தற எடத்துல பாயை விரிச்சுக்குவேன், காத்தோட்டமா இருக்கும். என்ற மாமியாரு ஒவ்வொரு தடவையும், "மாப்பிள்ள, உள்ள டேபிள் இருக்குதுங்க, ஏனுங்க இங்க உக்காந்துக்கிட்டு?"ம்பாங்க. எனக்கு இதுதான் வசதின்னுருவேன். கேரியரைத் திறந்து நானே எல்லாருக்கும் வைப்பேன். மாமனாரு மீசையைத் தடவிக்கிட்டு வந்து உக்காருவாரு, அவருக்குத் தரையில காலை மடக்க முடியாது, பாவம். மிருதுளா என்ற எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடும்.

போன மாசம் என்ன ஆச்சுன்னா, நான் வாட்சைப் பாக்கறதுக்கு முன்னாடியே அது எந்திரிச்சுருச்சு. மணி ரெண்டுகூட ஆகல. போயிக் கையைக் கழுவுச்சு. "சரிங்கப்பா, நான் போறேன்"னு சொல்லுச்சு. உள்ள போயிருச்சு. திரும்பிப் பாக்கல.

நான் வாட்சைப் பாத்தேன். அப்பறம் வாணியைப் பாத்துச் சிரிச்சேன். "பாத்தியா, என்ற மக சிங்கம்"னேன். அவ சிரிக்கல. "உள்ள போயி அழுதுக்கிட்டு இருக்கும்னு நெனைக்கறீங்களா? எட்டிப் பாருங்க"ன்னா. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். அழுகலீங்க. தாத்தன் மடியில தலையை வச்சுப் படுத்துக்கிட்டு டிவியில பொம்மைப் படம் பாத்துச் சிரிக்குது. நான் வர்றதும் அதுக்கு ஒண்ணுதான், போறதும் ஒண்ணுதான். வாணி பக்கத்துல வந்து நின்னு மெதுவாச் சொன்னா: "இங்க யாரும் கேட்டைப் பூட்டலீங்க. நீங்கதான் வெளிய உக்காந்திருக்கறீங்க."

வசனம் பேசறாளாமா, வசனம்!

அன்னிக்கு நான் மூணு மணிக்கு எந்திரிக்கலீங்க. பாயிலயே உக்காந்திருந்தேன். எப்பவும் நானில்ல மொதல்ல போவேன்? புள்ள போயிருச்சு, நான் உக்காந்திருக்கறேன். அப்படி உக்காந்திருந்து எனக்குப் பழக்கமில்ல, என்ன பண்றதுன்னு தெரியல. சும்மா அந்தப் பாயில ஒட்டின சோத்துப் பருக்கையைப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். இருட்டினதும் மாமியாரு வந்து வெளி லைட்டைப் போட்டாங்க. "உள்ள வாங்க மாப்பிள்ள"ன்னாங்க. எனக்கு அவங்களைப் பாத்தா எரிச்சலா வந்துது. செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

பெருமைதாங்க. பெருமை இல்லாம என்ன? நான் பழக்குனதுதானே அது. இந்த மாசம் பூரா சரியாத் தூக்கம் இல்ல, அது வேற விசயம். எங்க ஹால்ல கொசு ஜாஸ்தி. உங்க மூஞ்சியப் பாத்தா வேற என்னமோ நெனைக்கறாப்புல இருக்குது. கொசுதாங்க.

தங்கறதாமா, தங்கறது! விசிட்டிங் அன்னிக்கு எவனாவது ராத்திரி தங்குவானா? எங்கப்பன் தங்குனாரா? வந்தமா, பாத்தமா, சோத்தைத் தின்னமா, போனமான்னு இருக்கோணும். தங்குனா என்ன ஆகும்? அந்த மடியில படுக்கற கூட்டத்துல நானும் போயி உக்காரோணும். ராத்திரி மூணு பேரும் ஒரே கட்டில்ல படுக்கோணும். புள்ள தூக்கத்துல கையை எம்மேல போடும். போட்டா, நான் மூச்சை எப்படி...

விடுங்க. வக்கீலைப் பாக்கறதுன்னாப் பாக்கட்டும். மூணரை மணி பஸ்ஸுக்கு நான் திரும்பிருவேன்.

மூலனூருங்களா இது? கண்டக்டர் எறங்கிட்டாரு, கொஞ்ச நேரம் நிக்கும். ஏப்பா டீ! இங்க ஜன்னல் பக்கம் ரெண்டு குடு. நீங்க இருங்க, நான் குடுக்கறேன். ஆங், இதைப் புடிங்க. சூடு, பாத்து. இந்த ஊர் டீயில சக்கரையை அள்ளிக் கொட்டறான். சின்னப் புள்ளைங்க குடிக்கறதாட்ட இருக்குது. மிருதுளாவுக்குப் புடிக்கும் இந்த மாதிரி. அதுக்கு டீ குடுக்கக் கூடாதும்பா வாணி, திருட்டுத்தனமா என்ற டம்ளர்ல இருந்து ஒரு வாய் குடிச்சுட்டு ஓடும். போன மாசம் கேக்கவே இல்ல.

அடச்சே! போச்சு. பாருங்க, பேண்ட்டு பூராக் கொட்டிருச்சு. வெள்ளை பேண்ட்டு வேற. தொடை வேகுது. பரவாயில்ல பரவாயில்ல, நீங்க தொடைக்காதீங்க, கையை எடுங்க. நானே பாத்துக்கறேன்.

இந்தக் கறையோட எப்படிங்க போயி உக்காந்திருக்கறது? மாமனாரு வீட்ல மானம் போயிருமே. துவைச்சுத்தான் ஆகோணும். துவைச்சா இந்தப் பனியில எங்க காயும்? விடியற வரைக்கும் காயாது. ஈர பேண்ட்டோட பஸ் ஏற முடியுங்களா? என்ன ஒரு அக்கப்போரு பாருங்க. எல்லாம் நேரம்.

என்ன சொல்றீங்க? நானா ஊத்திக்கிட்டேனா? நல்லா இருக்குதே கதை! எவனாவது கொதிக்கற டீயைத் தானே மேல ஊத்திக்குவானா? வண்டி குலுங்குச்சுங்க. நின்னுக்கிட்டு இருந்தா? நின்னுக்கிட்டு இருந்தா என்ன, எஞ்சின் ஓடுதில்ல, குலுங்கும். பஸ் கட்டறவன் நான் சொல்றேன், உங்களுக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?

அதை விடுங்க. உங்களுக்குத் தாராபுரம் நல்லாத் தெரியுமில்ல? ஞாயித்துக்கிழமை லுங்கி எந்தக் கடையில கெடைக்கும், அதை மட்டும் சொல்லுங்க.